பாயில் விதிக் கருவியில் சரியாக அளவெடுப்பது எப்படி?

வெப்பநிலை மாறாதவரை, அடைபட்ட காற்றின் அழுத்தத்தையும் கன அளவையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண்தான் வரும் என்பதே பாயில் விதி. அதைப் பாதரசம் கொண்டு சோதித்துப் பார்க்கும் கருவியை அலமாரியிலிருந்து இறக்கினால் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது ரப்பர் குழாயைத்தான். மூடிய கண்ணாடிக் குழாயையும் திறந்த குழாயையும் இணைப்பது அது. விறைத்துப்போயிருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த காலத்தில் ஒரு முறை இதைப் பார்க்காமல் விட்டு, அரைக் கிண்ணம் பாதரசத்தைத் தரையில் தேடியிருக்கிறேன். அதன் ஆவி நஞ்சு. அதனால் ஜன்னல்களைத் திறந்து வைத்து, கருவியை விளிம்புள்ள தட்டில் நிறுத்துங்கள். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், தங்கத்தில் பாதரசம் பட்டால் வெள்ளையாகிவிடும். வீட்டில் செய்யவே வேண்டாம்.

பாதரசத்தின் மேல் கறுப்பு ஏடு படிந்திருந்தால், வடிதாளைக் கூம்பாக மடித்து, நுனியில் குண்டூசித் துளை போட்டு வடிகட்டுங்கள். சுத்தமான பாதரசம் கீழே இறங்கிவிடும், அழுக்கு தாளிலேயே தங்கும்.

சரி, இனி அளவு. பாரமானியில் அன்றைய காற்றழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 75 செ.மீ. பாதரசம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குழாய்களிலும் பாதரசம் ஒரே மட்டத்தில் நிற்கும்போது மூடிய குழாயில் அடைபட்ட காற்றின் நீளம் 24 செ.மீ. என்றால் (குழாய் சீரானது என்பதால் கன அளவுக்குப் பதில் நீளமே போதும்), அழுத்தம், நீளம் இரண்டின் பெருக்கல் பலன் 1800. இப்போது திறந்த குழாயை மெதுவாக உயர்த்துங்கள். மட்ட வேறுபாடு 25 ஆனால் அழுத்தம் 100, காற்று 18-க்குச் சுருங்கியிருக்க வேண்டும். திறந்த குழாயை இறக்கினால் வேறுபாட்டைக் கழிக்க வேண்டும். 15 கீழே போனால் அழுத்தம் 60, காற்று 30.

பிள்ளைகள் தவறுவது இங்கேதான். உயர்த்திய உடனே படித்துவிடுவார்கள். அமுக்கிய காற்று கொஞ்சம் சூடாகிவிடும், அந்தச் சூடு அடங்கும் வரை நீளம் கூடுதலாகவே காட்டும். இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். மூடிய குழாயைக் கையால் பிடிக்காதீர்கள், உள்ளங்கைச் சூடே போதும் கணக்கைக் கெடுக்க. பென்சிலால் கண்ணாடியை லேசாகத் தட்டுங்கள். ஒட்டி நிற்கும் பாதரசம் சட்டென்று அசைந்து தன் இடத்துக்கு வரும். அப்புறம் கண்ணை அதே மட்டத்துக்குத் தாழ்த்தி, மேல்நோக்கிக் குமிழ்ந்திருக்கும் பிறைத்தளத்தின், அதாவது பாதரசத்தின் வளைந்த மேற்பரப்பின், உச்சியைப் படியுங்கள்.

முடிந்தால் இருவராகச் செய்யுங்கள். 1662-ல் வெளியான சோதனையில் ராபர்ட் பாயிலும் அப்படித்தான் செய்தார். அவருடைய வளைந்த குழாய் அறைக்குள் அடங்காத உயரம் என்பதால் மாடிப்படியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, பாதரசம் சிந்தாதபடி அடியில் மரப்பெட்டி வைத்தார். மேலே ஒருவர் ஊற்ற, கீழே ஒருவர் பார்த்துச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றினார்கள். கூட ஊற்றுவது சுலபம், திரும்ப எடுப்பது கஷ்டம். 12 அங்குலக் காற்று 29⅛ அங்குலப் பாதரச அழுத்தத்தில் இருந்தது. அது 6 அங்குலமாகச் சுருங்கியபோது அழுத்தம் 58 13/16. இரட்டிப்பைவிடச் சற்றே கூடுதல். அந்தச் சிறு வித்தியாசத்தைத் திருத்தாமல், கிடைத்ததை அப்படியே அட்டவணையில் எழுதினார். உங்கள் பெருக்கல் பலன் 1800-க்குப் பதில் 1788 என்று வந்தாலும் அதையே எழுதுங்கள்.