பிஐசி நேரத்தை லாக்புக்ல ரெண்டா பிரிச்ச கதை

அமெரிக்காவுல ஒரு ரீஜனல் ஏர்லைன்ல ஃபர்ஸ்ட் ஆபீசரா, அதாவது துணை விமானியா இருந்தப்போ நான் ஓட்டின லெக்கையெல்லாம் (ஒரு டேக்-ஆஃப்லேர்ந்து லேண்டிங் வரைக்கும் ஒரு லெக்) பறந்த நேரத்தைக் குறிச்சு வைக்கிற லாக்புக்ல பிஐசி, அதாவது பைலட்-இன்-கமாண்ட் நேரம்னே எழுதிட்டு வந்தேன். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவோட விதிப்படி அது தப்பில்ல. நமக்கு ரேட்டிங் (ஓட்டுறதுக்கான தகுதி) இருக்கிற விமானத்தோட கண்ட்ரோல்ஸை நாம மட்டும் கையாளுற நேரத்தை பிஐசியா எழுதிக்கலாம்னு விதி 61.51ல இருக்கு, 2013லேர்ந்து ஏர்லைன் ஃபர்ஸ்ட் ஆபீசருக்கும் டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்துக்கான தனித் தகுதி) கட்டாயம், அதனால எங்களுக்கும் பொருந்தும்.

பெரிய ஏர்லைனுக்கு அப்ளை பண்றப்போதான் சிக்கல். அவங்க கேட்டது விமானத்துக்கு முழுப் பொறுப்பேத்துக்கிட்டு கேப்டனா பறந்த நேரம், அதாவது விதி 1.1ல சொல்ற பிஐசி. என் டோட்டல்ல ரெண்டும் கலந்து கிடந்துச்சு, இதை அப்படியே அனுப்பினா பொய் சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு ரொம்ப பயந்துட்டேன்.

மூணு ராத்திரி உக்காந்து எக்செல்ல ஒவ்வொரு வரியா பாத்து, 61.51 பிஐசிக்கு ஒரு கட்டம், பொறுப்புல இருந்த பிஐசிக்கு தனியா இன்னொரு கட்டம்னு பிரிச்சேன், ஃபர்ஸ்ட் ஆபீசரா பறந்த லெக் எதையும் ரெண்டாவதுல சேக்கல, அப்ளிகேஷன்ல அதெல்லாம் எஸ்ஐசியாத்தான் (செகண்ட்-இன்-கமாண்ட், அதாவது துணை விமானி நேரம்) காட்டினேன். செஸ்னா 172ங்கிற சின்ன விமானத்துல தனியா பறந்தது ரெண்டுலயும் வரும். இன்ஸ்ட்ரக்டரா கத்துக்குடுத்த நேரம்தான் கஷ்டம், முதல் கட்டத்துல கண்டிப்பா வரும், ரெண்டாவதுல போடணும்னா அன்னைக்கு பொறுப்பு யார்கிட்ட இருந்துச்சுன்னு பாக்கணும்.

கேப்டன் ஆனப்புறம் இந்தக் குழப்பமே இல்ல. ஏடிபி (ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் பைலட்) சர்டிபிகேட் தேவைப்படுற ஃப்ளைட்ல, பக்கத்துல இருக்கிறவர் ஓட்டினாலும் கேப்டன் முழு நேரத்தையும் பிஐசியா எழுதலாம்.