படிவம் 4, 5 ஆங்கிலம்: சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தொடங்குங்கள்

ஒவ்வொரு பள்ளி ஆண்டு தொடங்கும்போதும், மலேசிய இடைநிலைப் பள்ளியின் நான்காவது, ஐந்தாவது வருடமான படிவம் 4, 5இன் ஆங்கில வகுப்பு புதிதாகக் கிடைத்த யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்து, "அண்ணே, பிள்ளைகளை எந்தப் பயிற்சிப் புத்தகம் வாங்கச் சொல்லட்டும்?" என்று கேட்பார். எதை வேண்டுமானாலும் வாங்கச் சொல்லுங்கள், பிரச்சினை புத்தகத்தில் இல்லை. முதலில் நீங்கள் ஒழுங்காகத் திருத்தக் கற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் அந்தத் திருத்தும் முறையையே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் பதினாறு வருடமாக இந்தப் பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் எனக்குத் தெரிந்த வழி இதுதான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் என் பழைய பாவம். முதல் இரண்டு மூன்று வருடம் கட்டுரையைக் கையில் எடுத்தால் ஒரு பிழை விடமாட்டேன். தாள் திரும்பிப் போகும்போது வேப்பிலைக்காரி கோயில் குங்குமம் கொட்டியது மாதிரி இருக்கும். ஒரு நாள் வகுப்பு முடிந்து பார்த்தால் ஒரு பையன் என் தாளை நான்காக மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருந்தான். மேசை ஆடாமல் நின்றது. என் இரண்டு மணி நேர உழைப்புக்கு அது ஒன்றுதான் பலன்.

சரி, தேர்வு எப்படி இருக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் பொதுத் தேர்வில், 2021ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து, 1119 என்ற குறியீட்டு எண் கொண்ட ஆங்கிலப் பாடம் சிஇஎஃப்ஆர் என்ற ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலுக்கு மாறிவிட்டது. வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்கு தாள்கள். எழுத்துத் தாளுக்கு ஒன்றரை மணி நேரம், 60 மதிப்பெண். முதலில் சுமார் 80 சொல்லில் ஒரு மின்னஞ்சல், அடுத்து 125 முதல் 150 சொல்லில் குறிப்புகளை வைத்து ஒரு கட்டுரை, கடைசியில் 200 முதல் 250 சொல்லில் மூன்று தலைப்பில் ஏதாவது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் 20. இந்த 20 எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நம்மில் பலர் பிள்ளைகளிடம் சொல்வதே இல்லை. கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, யாருக்கு எழுதுகிறோமோ அவருக்குத் தகுந்த தொனியும் வடிவமும் இருக்கிறதா, ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்து எழுதியிருக்கிறதா, மொழி எப்படி இருக்கிறது: இந்த நான்குக்கும் தலா 5. இலக்கணம், சொல்வளம் எல்லாம் அந்த நான்காவதுக்குள் அடங்கிவிடும். நாமோ இலக்கணத்தை மட்டும் பார்த்துவிட்டு, அதற்கே இருபதும் போடுகிறோம்.

ஒரு தாளைக் கிட்டே வைத்துப் பார்ப்போம். கேள்வி இப்படி: டேனியல் என்ற நண்பன் பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூர் வருகிறான், எங்கே போகலாம், என்ன கொண்டுவர வேண்டும், எங்கே சந்திப்பது என்று கேட்டு எழுதியிருக்கிறான், நீ பதில் எழுது. ஒரு பிள்ளை எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்: "ஹாய் டேனியல், ஐ ஆம் வெரி ஹாப்பி யூ கமிங் கேஎல். வீ கேன் கோ பத்து கேவ்ஸ். ஹேவ் 272 ஸ்டெப்ஸ். யூ மஸ்ட் ப்ரிங் ஸ்போர்ட்ஸ் ஷூ. ஐ வில் ஃபாலோ மை ஃபாதர் டு டேக் யூ அட் கேஎல் சென்ட்ரல்."

பழைய நானாக இருந்திருந்தால் 7 போட்டிருப்பேன். இப்போது நான்கு கட்டமாகப் பாருங்கள். எங்கே போகலாம்? பத்துமலை. என்ன கொண்டுவர வேண்டும்? விளையாட்டுக் காலணி. எங்கே சந்திப்பது? கேஎல் சென்ட்ரல். மூன்று கேள்விக்கும் பதில் வந்துவிட்டது, முதல் கட்டத்தில் 5 கொடுக்காமல் இருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. நண்பனுக்கு எழுதுகிற தொனி இருக்கிறது, ஆனால் தொடங்கியதுபோல் முடிக்கவில்லை, விடைபெறும் வரியே காணோம், அதனால் 3. வரிகளெல்லாம் தனித்தனியாக ரயில் நிலையத்தில் நிற்கிற ஆட்கள் மாதிரி நிற்கின்றன, ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளவில்லை, 2. மொழி 2. ஆக 12. எண்ணைவிட முக்கியம், இந்தப் பிள்ளைக்கு அடுத்த வாரம் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது இப்போது நமக்குத் தெரிந்துவிட்டது. பதில் சொல்லத் தெரிகிறது, அதைத் திரும்பச் சொல்லித்தர வேண்டாம். கோர்க்கத்தான் தெரியவில்லை. "பிகாஸ்", "சோ", "வென் யூ அரைவ்" என்று மூன்றே மூன்று கொக்கியைக் கொடுத்து அதே மின்னஞ்சலைத் திரும்ப எழுதச் சொன்னால் போதும்.

பிழைகளைத் திருத்தவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும், ஆனால் ஒரு தாளுக்கு ஒரே ஒரு வகைப் பிழை. அதுவும் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிட்டுத் திருத்துங்கள், ஏனென்றால் நம் பிள்ளைகள் மூன்று மொழிக்கு நடுவே நிற்கிறார்கள். "ஹேவ் 272 ஸ்டெப்ஸ்" என்பது "அடா 272 அனாக் தங்கா" என்ற மலாய் வாக்கியம் ஆங்கிலச் சட்டை போட்டு வந்தது. தமிழிலும் "272 படி இருக்கு" என்றுதானே சொல்கிறோம், "தேர் ஆர்" மாதிரி ஒரு வெற்று எழுவாய் நமக்குத் தேவைப்படுவதே இல்லை. "ஃபாலோ மை ஃபாதர்" என்பது மலாய் "இக்குட்", பின்தொடர்வதற்கும் கூடப் போவதற்கும் அங்கே அதே சொல்தான். அப்பாவோடு காரில் வருகிறேன் என்று பிள்ளை நினைத்து எழுத, படிக்கிற வெளியூர்க்காரருக்கு அப்பா முன்னால் நடக்க மகன் பின்னாலேயே ஓடிவருகிற காட்சி தெரியும். இதை நான் வகுப்பில் நடித்தே காட்டுவேன். சிரித்துவிட்டால் அந்தப் பிழை பெரும்பாலும் திரும்ப வராது. "ஓப்பன் தி லைட்" இன்னொன்று, வீட்டில் தமிழிலேயே "லைட்டைத் திற" என்று சொல்கிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு, அங்கிருந்து வருகிற பிள்ளையைத் திட்டி என்ன பயன்? மூன்று மொழியிலும் அந்த வாக்கியத்தை வெண்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். எங்கே வேறுபடுகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்தது, பிள்ளைகளைத் திருத்த வைப்பது. மூன்றாவது வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். முந்தைய ஆண்டுத் தாள் ஒன்றைப் பெயரை மறைத்து நகலெடுத்துக் கொடுத்து, நான்கு கட்டத்தை எளிய தமிழிலோ மலாயிலோ விளக்கிவிட்டு, நான்கு பேர் கொண்ட குழு மதிப்பெண் போட வேண்டும் என்று சொல்லுங்கள். முதல் தடவை எல்லோரும் கஞ்சர்களாக இருப்பார்கள், 20க்கு 4, 5 என்று போடுவார்கள், ஏனென்றால் அவர்களை நாம் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். "ஏன் 2? எந்த வரியைப் பார்த்து?" என்று மட்டும் கேளுங்கள். வரியைக் காட்ட முடியாத மதிப்பெண் செல்லாது என்பதுதான் விதி. இரண்டு மாதம் இப்படிப் போனால், எழுதும்போதே "மூன்றாவது குறிப்புக்குப் பதில் எழுதவில்லையே" என்று தானாக நிமிர்ந்து பார்க்கிற பிள்ளைகள் உருவாகிவிடுவார்கள். இதே வேலையை ஆசிரியர்களும் தங்களுக்குள் செய்ய வேண்டும். நானும் உடன் வேலை செய்கிற ஓர் ஆசிரியையும் தவணைக்கு ஒரு தடவை பத்துத் தாள்களை மாற்றிக்கொண்டு, மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் உணவகத்தில் தே தாரிக்கோடு (ஆற்றிய பால் தேநீர்) உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரு தாளுக்கு அவர் 15, நான் 11. கையெழுத்து அசிங்கமாக இருந்ததால் நான் குறைத்திருக்கிறேன், வேறு ஒரு காரணமும் இல்லை.

கேட்டல், வாசிப்பு இரண்டுக்கும் பழகப் பழக வரும் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை.

பேச்சுத் தேர்வு அப்படி இல்லை. இரண்டு மாணவர்கள், இரண்டு தேர்வாளர்கள், ஏறத்தாழ 13 நிமிடம். முதலில் சாதாரணக் கேள்விகள், பிறகு ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் தனியாகப் பேச வேண்டும், கடைசியில் இருவரும் சேர்ந்து கலந்துபேசி ஒரு முடிவுக்கு வர வேண்டும். தனியாகப் பேசும் பகுதியில் யோசிக்கக் கிடைப்பது 20 நொடி. நம் பிள்ளைகள் பேசுவதும் 20 நொடிதான், அப்புறம் "தட்ஸ் ஆல்" என்று நிறுத்திவிட்டு நம்மையே பார்ப்பார்கள். ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும், அதற்குக் கைப்பேசியில் பதிவுசெய்து கேட்க வைப்பதைவிட நல்ல வழி எதுவும் இல்லை. யார், எப்போது, ஏன், அப்புறம் என்ன ஆனது என்ற நான்கு கேள்வியை விரலில் எண்ணிக்கொண்டு பேசட்டும். கலந்துபேசும் பகுதியில்தான் வேடிக்கை. மாமாக் கடையில் பந்து விளையாட்டைப் பற்றி ஒருவன் வாயிலிருந்து இன்னொருவன் பேச்சைப் பிடுங்குகிறவர்கள், தேர்வு அறையில் ஆளுக்கொரு மேடைச் சொற்பொழிவு ஆற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். அதனால் அதே தலைப்பை முதலில் ஒரு நிமிடம் தமிழில் சண்டை போட வைக்கிறேன், உடனே ஆங்கிலத்தில். குறுக்கே புகுவது, ஒத்துப்போவது, மறுப்பது எல்லாம் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது, சொற்களை மட்டும் மாற்ற வேண்டும். நம் உச்சரிப்புக்காக மதிப்பெண் குறைக்காதீர்கள், புரிந்தால் போதும். ஆனால் நாம் பேச்சுவழக்கில் வாக்கியக் கடைசியில் ஒட்டுகிற "லா"வை வாசலில் விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

இலக்கியத்துக்கு வருகிறேன். புதிய 1119 தாளில் இலக்கியப் பகுதியிலிருந்து நேரடிக் கேள்வி கிடையாது, இலக்கியத்தைத் தனிப் பாடமாக எடுக்கிறவர்களுக்குத்தான் தனித் தேர்வு. அதனால் பலர் கவிதை வகுப்பைப் பயிற்சித்தாள் வகுப்பாக மாற்றிவிடுகிறார்கள். எனக்கு இதில் கடுமையான கருத்து உண்டு: அது முட்டாள்தனம். வாசிப்புத் தாளில் எழுதியவரின் மனநிலை என்ன என்று கேட்கும்போது தடுமாறுகிற பிள்ளை, வரிக்கு அடியில் இருப்பதைப் படித்துப் பழகாத பிள்ளைதான்.

தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு உருவகம் புதிதில்லை. "ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்று பலகையில் எழுதி, இங்கே ஆறு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், கை தூக்குவார்கள். அந்தச் சூட்டோடு ஆங்கிலக் கவிதையை இரண்டு தடவை சத்தமாகப் படியுங்கள், விளக்கவுரைத் தாளைக் கொடுக்காதீர்கள். நானே ஒரு வரி எழுதிக்கொண்டு போவேன்: "கிராண்ட்மாஸ் சேர் வெயிட்ஸ் பை தி டோர்." இதில் "வெயிட்ஸ்" என்பதை எடுத்துவிட்டு "ஸ்டாண்ட்ஸ்" போட்டால் என்ன கெட்டுப்போகிறது? கடைசி வரிசைப் பெண் ஒருத்தி, அதுவரை வாயைத் திறக்காதவள், "நின்னா அது சும்மா நாற்காலி சார். காத்திருந்தா பாட்டி இன்னும் வரலை" என்றாள். தமிழில்தான் சொன்னாள், பரவாயில்லை, அதை ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதச் சொன்னேன், எழுதினாள்.

இதை மதிப்பிடுவதும் அவ்வளவு கஷ்டமில்லை. வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரை அடைவுநிலை போட வேண்டும், அதற்காக ஆண்டுக் கடைசியில் உட்கார்ந்து கற்பனையில் போடாதீர்கள். ஒரு கவிதைக்கு ஒரு கேள்வி, பத்து நிமிடம்: எந்தச் சொல்லை மாற்றினால் இது கெட்டுப்போகும், ஏன்? நான் வைத்திருக்கும் கணக்கு இது: கதையை மட்டும் திரும்பச் சொன்னால் 3, தன் கருத்தைச் சொல்லி அதற்கு வரியைக் காட்டினால் 4, அந்தச் சொல் ஏன் அப்படி வேலை செய்கிறது என்று விளக்கினால் 5. யாரும் யோசிக்காததை யோசித்து, அதை நிரூபித்தும் காட்டினால் 6. ஒரு சின்ன நோட்டில் தேதியோடு ஒரு வரி எழுதி வைத்தால், பெற்றோர் வந்து கேட்கும்போது தலையைச் சொறிய வேண்டியதில்லை.

இன்னொன்று. ஆறாம் ஆண்டு முடிவில் இருந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இலும், படிவம் 3 முடிவில் இருந்த பிடி3 தேர்வு 2022இலும் எடுக்கப்பட்டுவிட்டதால், இந்தப் பிள்ளைகளுக்கு எஸ்பிஎம்தான் முதல் பெரிய பொதுத் தேர்வு, பயம் இருக்கத்தான் செய்யும். அதற்கு நான் செய்வது: படிவம் 4 முதல் வாரத்தில் எழுதிய மின்னஞ்சலைத் திருத்தாமல், மதிப்பெண் போடாமல், ஒரு கோப்பில் பூட்டி வைத்துவிடுவேன். அடுத்த ஆண்டு முன்னோட்டத் தேர்வுக்கு முந்தைய வாரம் அதை வெளியே எடுத்து, அவரவர் தாளை அவரவரே திருத்தச் சொல்வேன். போன தடவை ஒருவன் தனக்கே 8 போட்டுவிட்டு, "சார், இது என் கையெழுத்து மாதிரியே இருக்கு, ஆனா நான் எழுதல" என்றான்.