கரண்ட் போவதற்குள் நாலு நிமிடம்

பீலிக்கான் கோயிலில் அப்பா பூக்குழி இறங்கிய வீடியோ எங்கள் வீட்டில் ஒரே ஒரு டிவிடியில்தான் இருந்தது. அக்கா மகன் 55 அங்குல டிவி வாங்கினான். அன்றைக்கே, “மாமா, அதை ஏஐயில் போட்டு 4கே ஆக்கிக் கொடுங்க” என்று வந்து நின்றான். இரங்கூனில் எங்கள் தெருவுக்கு நாலு மணி நேரம் கரண்ட் வந்தால் அடுத்த நாலு மணி நேரம் இருக்காது. அப்படியும் முடிந்தது.

முதலில் நகல் எடுங்கள். இந்த ஊர் மழையில் தட்டில் பூஞ்சை பிடித்திருக்கும். மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்காதீர்கள். மேக்எம்கேவி என்ற மென்பொருளில் போட்டால் படம், ஒலி எதுவும் குறையாமல் ஒரே ஃபைலாக வந்துவிடும். அதை இரண்டு இடத்தில் வைத்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்து, ஃபைலின் விவரம் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் திறந்து பாருங்கள். டிவி படத்துக்கு இரண்டு முறை உண்டு. என் டிவிடி என்டிஎஸ்சி முறை: 720×480 புள்ளி, நொடிக்கு 29.97 பிரேம் (தனித்தனிப் படம்). சென்னையிலிருந்து வந்த கல்யாண டிவிடி என்றால் பெரும்பாலும் பால் (PAL) முறை, 720×576, 25 பிரேம். ஒன்றை இன்னொன்றாக மாற்றப் போகாதீர்கள்.

அக்கா மகன் கேட்ட 4கேயை நான் கொடுக்கவில்லை. 4:3 படத்தை (அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு) 4கே உயரத்துக்குக் கொண்டுபோனால் டிவிடியில் இருப்பதைப்போல் 18 மடங்கு புள்ளி வேண்டும். அத்தனையும் மென்பொருள் தானாக வரைந்து நிரப்புவது. 1440×1080 என்றால் நாலரை மடங்குதான். மிச்சத்தை டிவியே நன்றாகப் பெரிதாக்கிக்கொள்ளும்.

இப்போது எல்லோரும் தாண்டிக் குதிக்கும் படி. பழைய கேமரா ஒவ்வொரு பிரேமையும் ஒற்றை வரி, இரட்டை வரி என இரண்டு பாதியாக எடுத்தது. யாராவது அசைந்தால் ஓரத்தில் சீப்புப் பல் தெரியும். இதை அப்படியே ஏஐக்குக் கொடுத்தால் அந்தப் பல்லையும் நிஜம் என்று நம்பி இன்னும் கூராக்கிவிடும். அதனால் முதலில் ஹைப்ரிட் என்ற இலவச மென்பொருளில் க்யூடிஜிஎம்சி (QTGMC) என்ற வடிகட்டியைப் போட்டு, இன்டர்லேஸ் எனப்படும் இந்தப் பாதிப் பாதி வரியை நீக்குங்கள். நொடிக்கு 59.94 பிரேம் கிடைக்கும். நடை வழுக்கிக்கொண்டு போகும். எந்தப் பாதி முதலில் என்பதையும் சரிபாருங்கள். டேப்பிலிருந்து டிவிடி போட்டுக் கொடுத்த கடைக்காரர் என் தட்டில் அதைத் தப்பாகக் குறித்திருந்தார். அப்பா தணலில் முன்னால் ஒரு அடி, பின்னால் அரை அடி வைத்தார்! வரிசையை மாற்றியதும் நேராக நடந்தார்.

ஏஐக்குக் காசு கொடுக்க முடிந்தால் டோபாஸ் மென்பொருள் இருக்கிறது. நான் படத்தைப் பெரிதாக்கும் இலவச ஏஐயான ரியல்-ஈஎஸ்ஆர்கேனை (Real-ESRGAN) வைத்துச் செய்தேன். கட்டளை தட்ட யோசிப்பவர்கள் வீடியோ2எக்ஸ் மென்பொருளை எடுக்கலாம். கார்ட்டூனுக்கான மாடலைத் தொடாதீர்கள். மனிதர்கள் காலண்டர் படம் ஆகிவிடுவார்கள். பொது மாடலில் இரைச்சல் நீக்கும் அளவை 0 முதல் 1 வரை வைக்கலாம்.

முழு வீடியோவையும் ஓட்டுவதற்கு முன் பத்து பத்து நொடியில் மூன்று துண்டு வெட்டிச் சோதியுங்கள்: ஒரு முகம், ஒரு எழுத்துப் பலகை, ஒரு தீ. அளவை 1 வைத்தபோது, கூட்டத்தில் நின்ற அக்காவின் கன்னத்துத் தனகாவை (பர்மாவில் முகத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்து) அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. அப்பாவின் நெற்றி விபூதி வெறும் பளபளப்பு ஆனது, தணலிலிருந்து பறந்த பொறிகளைக் காணவே காணோம். பேனரில் இருந்த பர்மிய எழுத்தெல்லாம் முறுக்குப் பிழிந்த மாதிரி வளைந்து கிடந்தது. அளவை 0.2க்கு இறக்கினேன். பிறகு ஏஐ இல்லாமல் வெறுமனே பெரிதாக்கிய மூலப் படத்தை அதன்மேல் 35 சதவீதம் கலந்தேன். தனகா திரும்ப வந்தது. கொஞ்சம் பொரிபொரியாக இருக்கும்தான், ஆனால் அது அக்கா முகம்.

சரி, கரண்ட். என் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்கு ஒரு பிரேம்தான் போடும். நாலு மணி நேரத்தில் 14,400 பிரேம், அதாவது வெறும் நாலு நிமிட வீடியோ. நேராக வீடியோ ஃபைலாக எழுதச் சொன்னால், நடுவில் கரண்ட் போனதும் முழுக்கப் போச்சு. முதல் நாள் எனக்கு அதுதான் நடந்தது. அதனால் இரண்டு நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு பிரேமையும் தனி பிஎன்ஜி படமாக எழுத விடுங்கள். கரண்ட் வந்ததும் கடைசிப் படத்தை மட்டும் அழியுங்கள், அது பாதியில் நின்றிருக்கும். அங்கிருந்து தொடரலாம். ஒரு துண்டுக்கு 20 ஜிபி வரை இடம் பிடிக்கும். வீடியோவாக்கியதும் படங்களை அழித்துவிடலாம். பேட்டரி இன்வெர்ட்டரில் ஓட்டிப் பார்த்தேன், கத்திவிட்டு நின்றுவிட்டது. 42 நிமிட வீடியோவில் பூக்குழிப் பகுதி பத்து நிமிடம். அதை மட்டும்தான் செய்தேன். மற்றதெல்லாம் பந்திச் சாப்பாடு.

துண்டுகளை ஒட்டி எச்.265 என்ற வீடியோ வடிவமாக, தர அளவான சிஆர்எஃப்பை 18 வைத்து எழுதுங்கள். ஒலியை மூலத்திலிருந்து எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் அப்படியே சேருங்கள். ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் பென்டிரைவ் எக்ஸ்ஃபேட் (exFAT) முறையில் ஃபார்மட் செய்ததாக இருக்க வேண்டும்.

டிவியிலும் வேலை உண்டு. ஷார்ப்னெஸ், இரைச்சல் நீக்கம், மோஷன் ஸ்மூத்திங் மூன்றையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் நாம் செய்ததன்மேல் அதுவும் தன் கைவரிசையைக் காட்டும். படத்தின் அகலத்தை 4:3இலேயே விடுங்கள். அக்கா மகன் திரை நிறைய இழுத்துப் பார்த்தான். ஒல்லியான அவன் தாத்தா, முனையில் மொகிங்கா (பர்மிய மீன் நூடுல்ஸ்) விற்பவர் மாதிரி தொப்பையோடு தணலில் நடந்தார்.