மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு ஷாக் அப்சார்பர் சோதனை: வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்

ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அது துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். ஷாக் தளர்ந்தால் மேடு பள்ளத்தில் டயர் ரோட்டை விட்டு விட்டுப் பிடிக்கும். பிரேக் போட்டாலும் வண்டி தள்ளிப்போய்தான் நிற்கும். ஊட்டி, குன்னூர் பக்கம் வண்டி வைத்திருப்பவர்கள் மழைக்காலத்துக்கு முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

1. சமதளத்தில் நிறுத்துங்கள். நம் ஊரில் அதுவே தேடித்தான் கிடைக்கும். ஒவ்வொரு மூலையாக அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். மேலே வந்து அடங்கிவிட்டால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் அந்த ஷாக் போய்விட்டது. ஆனால் பாதி தேய்ந்த ஷாக் இதில் மாட்டாது, அதனால் இதோடு நிறுத்தாதீர்கள்.

2. ஆயில் கசிவு. என்னை அதிகம் குழப்பியது இதுதான். பனியிலும் சாரலிலும் ஓடிய வண்டியில் ஷாக் எப்போதும் ஈரமாகத்தான் தெரியும். தண்ணீரா ஆயிலா? பழைய பருத்தித் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, மழை இல்லாத நாளில் குன்னூர் வரை போய் வாருங்கள். வந்ததும் வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். தண்ணீர் காய்ந்துவிடும், ஆயில் கறையாக நிற்கும். மேல் பக்கம் மட்டும் லேசாகப் புழுதி ஒட்டியிருந்தால் பயம் வேண்டாம். கீழ் வரை வழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். டிரைவ் ஷாஃப்ட் பூட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை) கிழிந்தாலும் கிரீஸ் தெறித்து இதே மாதிரி காட்டும், அதையும் பாருங்கள்.

செல்போன் வெளிச்சம் போதாது, தலையில் மாட்டும் டார்ச்தான் என் சிபாரிசு. முன் ஷாக்கைப் பார்க்க ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தாலே பெரும்பாலும் போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே போகாதீர்கள்.

3. டயரைக் கையால் தடவுங்கள். அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக்கைச் சந்தேகப்படலாம். வீல் பேலன்ஸிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது) சரியில்லாததும் காரணமாக இருக்கலாம்.

4. ஷாக்கை வண்டியோடு மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். கடகட சத்தம் பல நேரம் அங்கிருந்துதான் வரும். புஷ் தனியாகக் கிடைத்தால் செலவு குறைவு.

பின்சேர்க்கை: ஜீப் வைத்திருக்கும் சிலர், அழுத்தினால் ஆடவே இல்லையே என்று கேட்டார்கள். பல ஜீப்களில் இருப்பது லீஃப் ஸ்பிரிங், அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங். அதில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசியே ஆட்டத்தைக் குறைத்துவிடும். அவர்கள் கசிவையும் புஷ்ஷையும் நம்புவதே நல்லது.

அப்புறம், ஒரு பக்கம் போனாலும் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். முன் ஸ்ட்ரட் (சக்கரத்தைத் தாங்கும் பாகமாகவும் இருக்கும் ஷாக்) மாற்றினால் வீல் அலைன்மென்ட்டையும் (சக்கரங்களின் கோணம்) அன்றே பார்த்துவிடுங்கள்.