தீவு விட்டுத் தீவு பறக்க எவ்வளவு நேரம்?

இரண்டு சின்னத் தீவுகளுக்கு இடையே எத்தனை கிலோமீட்டர் என்று தேடினால் கிடைப்பது நேர்தூரம் மட்டுமே. கடல் மைலில் இருந்தால் 1.852-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, எந்த விமானம் என்று பாருங்கள். ட்வின் ஆட்டர் போன்ற குட்டி விமானம் மணிக்கு 270 கி.மீ. வாக்கில் பறக்கும், ஏடிஆர் 72 ஏறக்குறைய 500. ஆக, 200 கி.மீ. தூரத்தைக் கடக்க ட்வின் ஆட்டருக்கு முக்கால் மணி. ஏற, இறங்க, தரையில் நகர இன்னும் கால் மணி சேர்த்தால் கணக்கு சரியாக வரும். ஸ்காட்லாந்தின் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே தீவுகளுக்கு இடையே வெறும் 2.7 கி.மீ.தான், இரண்டே நிமிடப் பயணம்! அங்கே இந்தக் கணக்கு செல்லாது.

நேரடி விமானம் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் பெரிய தீவுக்குப் போய் மாறி வர ஒரு நாளே போய்விடும், இரவு தங்கவும் நேரலாம். அப்புறம் தேதி. சமோவாவிலிருந்து அமெரிக்க சமோவாவுக்கு ஒரு மணி நேரம்கூடப் பறக்க வேண்டாம், ஆனால் நடுவே சர்வதேசத் தேதிக்கோடு இருப்பதால் இறங்கும்போது அங்கே முந்தைய நாள். தங்கும் அறையை அந்தத் தேதிக்கே பதிவு செய்யுங்கள்.