ஓட்டு வீட்டுக்கும் ஷீட் கொட்டகைக்கும் எந்த ரெயின் கட்டர் சரி?

தாவாரத்தில் ரெயின் கட்டர், அதாவது கூரைத் தண்ணீரைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோகும் நீளத் தொட்டி மாட்டுவது, ஐப்பசி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டிய வேலை. டெல்டாவில் நமக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான், அதுவும் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தத் தண்ணீர் தாவாரத்திலிருந்து நேராகச் சுவரோரம் விழுந்தால், களிமண் ஊறி உப்பும், கோடையில் சுருங்கிப் பிளக்கும், வருஷா வருஷம் இப்படி நடந்தால் அஸ்திவாரம் அசைந்து சுவரில் விரிசல் விடும். மண் சுவர் வீடு என்றால் சொல்லவே வேண்டாம்.

மொட்டை மாடி வீட்டுக்குக் கட்டர் தேவையில்லை, தளத்திலிருந்து குழாய் இறக்கினால் போதும். நான் எழுதுவது ஓட்டு வீட்டுக்கும், வாசலிலோ கொல்லையிலோ ஷீட் போட்டு இறக்கிய கொட்டகைக்கும்.

1. முதலில் தண்ணீர்க் கணக்கு

கடைக்குப் போகும் முன் கூரையை அளந்துவிடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர், அவ்வளவுதான் கணக்கு. 30 அடி நீளம், 15 அடி அகலம் உள்ள ஒரு பக்கச் சரிவு சுமார் 42 சதுர மீட்டர். மணிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் அடித்தால் 4,200 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 70 லிட்டர். நிமிடத்துக்கு ஐந்து குடம் தண்ணீர் அந்த ஒரு தாவாரத்தில் இறங்குகிறது! அதனால் 4 அங்குலக் கட்டரை விட்டுவிட்டு 6 அங்குலமே வாங்குங்கள். இறங்கு குழாயும் 4 அங்குலம் இருக்கட்டும். சிறிய குழாயில் தண்ணீர் போய்விடும், ஆனால் பூவரச இலையும் தென்னங்குரும்பையும் போகாது.

2. எந்தப் பொருள்?

கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் என்றால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடுதான் என் தேர்வு. ஷீட் வளைக்கும் பட்டறையில் அளவு சொல்லி வாங்கிக்கொள்ளலாம். 24 கேஜ் கேளுங்கள். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலிசு. தென்னைமட்டை விழுந்தால் நெளியும், தட்டி நிமிர்த்திக்கொள்ளலாம். பி.வி.சி. என்றால் உடைந்தே போகும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ஜி.ஐ. தாங்காது, வெட்டிய ஓரத்திலிருந்து துரு ஏறும். அங்கே அலுமினியம், இல்லாவிட்டால் பி.வி.சி. அலுமினியத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு மட்டுமே போடுங்கள், சாதா இரும்புத் திருகு போட்டால் அந்த ஓட்டையைச் சுற்றியே அரிக்கும். பி.வி.சி. வெயிலில் நீளும், 10 மீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் 2 சென்டிமீட்டர் அளவுக்கு. எல்லா இணைப்பையும் பசை போட்டு இறுக்கிவிடாமல், நீள இடம் தரும் ரப்பர் இணைப்பு ஒன்றாவது வையுங்கள்.

வடிவத்தில் எனக்கு அரைவட்டம்தான் பிடிக்கும், கையை விட்டு ஒரே இழுப்பில் குப்பையை வாரிவிடலாம். பெட்டி வடிவம் கூடுதல் தண்ணீர் பிடிக்கும், ஆனால் மூலையில் சேறு தங்கும்.

3. வாட்டம்: இங்கேதான் நிதானம் வேண்டும்

வாட்டம் என்பது தண்ணீர் ஓடுவதற்கான சரிவு, 10 அடிக்கு அரை அங்குலம் போதும். சொல்ல எளிது. ஆனால் நிறையப் பேர் தாவார விளிம்பையே மட்டமாக நினைத்து அதிலிருந்து அரை அங்குலம் இறக்கிக் குறி போடுகிறார்கள். பழைய ஓட்டு வீட்டில் ஓட்டைத் தாங்கும் கைமரம் காலப்போக்கில் தொய்ந்திருக்கும், விளிம்பு ஒரு பக்கம் இறங்கியேதான் இருக்கும், கீழே நின்று பார்த்தால் தெரியாது. அதனால் விளிம்பை நம்பாமல் டியூப் மட்டம் பிடியுங்கள், அதாவது தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய், இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். குழாயில் தண்ணீர் நிரப்பியதும் உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பொட்டுக் குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். விரலால் சுண்டிக்கொண்டே வந்தால் மேலேறி வெளியே போய்விடும். அப்புறம் இரண்டு முனையிலும் தண்ணீர் ஆடாமல் நின்ற பிறகுதான் பென்சில் குறி.

தாவாரம் எந்தப் பக்கம் தொய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே இறங்கு குழாயை வையுங்கள். எதிர்த்திசையில் வாட்டம் கொடுத்தால் ஓட்டுக்கும் கட்டருக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்து, காற்றடிக்கும்போது தண்ணீர் உள்ளே விழாது. 30 அடிக்கு மேல் நீளம் என்றால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் வாட்டம் பிரித்துவிடுங்கள்.

முதலில் இரண்டு முனையிலும் கட்டரைத் தாங்கும் கிளாம்ப், அவற்றுக்கு நடுவே நூல், பிறகு இரண்டு அடிக்கு ஒரு கிளாம்ப். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்ததைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு இரண்டடி ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. ஓடு கட்டருக்குள் இரண்டு அங்குலம் நீட்டியிருக்க வேண்டும். முடித்ததும் மேல் முனையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். எங்காவது குட்டையாக நின்றால் அந்தக் கிளாம்பைச் சரிசெய்யுங்கள். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும்.

4. கூடல்வாய்

முற்றம் வைத்த வீட்டில் இரண்டு சரிவும் கூடும் மூலையில் தண்ணீர் பாய்ந்து வந்து கட்டரைத் தாண்டிக் குதிக்கும். அகலமான கட்டர் மட்டும் போதாது. அந்த மூலையில் கட்டரின் வெளி உதட்டின் மேல், இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடிக்கு, 6 அங்குல உயரத்தில் தகடு ஒன்றை நிறுத்தி ரிவிட் அடியுங்கள்.

5. தண்ணீர் எங்கே போகிறது?

பக்கத்து வீட்டு மனைக்குள் விடாதீர்கள். 2003-லேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது, ஆனால் களிமண்ணில் சின்னக் குழி வெட்டினால் தண்ணீர் அப்படியே நிற்கும். மணல் தட்டுப்படும் ஆழம் வரை போனால்தான் உறிஞ்சும். நிலத்தடி நீர் உவர்ப்பாக உள்ள கடலோர ஊர்களில் தொட்டியில் சேர்ப்பதே லாபம். முதல் மழையில் கூரைத் தூசியும் பறவை எச்சமும் வரும், அதை வெளியே விட ஒரு வால்வு வையுங்கள்.

பிறகு சேர்த்தது: சிமெண்ட் ஷீட்டிலேயே ஓட்டை போட்டுக் கிளாம்ப் மாட்டலாமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். ஷீட் விரிசல் விடும், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் துளைக்கும்போது கிளம்பும் தூசி நுரையீரலுக்கு ஆபத்து. கீழே உள்ள இரும்புக் குழாயிலோ சட்டத்திலோ கிளாம்பைப் பிடியுங்கள். கீற்றுக் கூரைக்குக் கட்டர் மாட்டலாம், ஆனால் மட்கிய கீற்று சீக்கிரம் அடைக்கும், அந்தத் தண்ணீர் செடிக்கு மட்டும்தான்.