குண்டு சிதறுகிறதா? வெடிமருந்தைக் கூட்டுவதற்கு முன் குழலைப் பாருங்கள்

குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய பாணி ரைஃபிளில் குண்டுகள் இலக்கில் ஒரே இடத்தில் படாமல் சிதறி விழுந்தால் உடனே மருந்தின் அளவை மாற்றத்தான் கை துறுதுறுக்கும். நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன். பெரும்பாலும் சிக்கல் குழலுக்குள் படியும் கசடில்தான் இருக்கிறது. கீழே உள்ளவை கேப் (அடித்தால் பொறி தெறித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடி) வைத்து, துணி சுற்றிய ஈயக்குண்டு சுடும் ரகத்துக்கு.

1. குழலில் உள்ள எண்ணெயைத் துடையுங்கள். மருந்து போடாமல், குழல்வாயைத் தரையில் ஒரு புல்லுக்கு அருகே காட்டி ஒரு கேப்பை வெடியுங்கள். புல் அசைந்தால் நெருப்பு போகும் வழி திறந்திருக்கிறது.

2. மருந்தைப் பித்தளை அளவைக் குழாயில் அளந்து ஊற்றுங்கள். குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் ஊற்றவே கூடாது. உள்ளே கனல் மிச்சம் இருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். கரிமருந்துக்கு (இந்த ரைஃபிளில் போடும் பழைய கறுப்பு வெடிமருந்து) மாற்றாக வரும் பொடிகளையும் கொள்ளளவில்தான் அளக்க வேண்டும், எடையில் அல்ல. நவீனத் தோட்டாவுக்கான புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள், குழல் பிளந்துவிடும்.

3. குண்டைத் தள்ளும் நீண்ட கோலால் அதை மருந்தின் மேல் உட்காரும்வரை இறக்கி, கோலில் குழல்வாய் மட்டத்தில் கோடு போடுங்கள். அடுத்த முறை கோடு மேலே நின்றால் குண்டு பாதியில் சிக்கியிருக்கிறது. இடைவெளியோடு சுட்டால் குழல் வீங்கலாம், வெடிக்கவும் செய்யலாம். கோலால் குத்திக் குத்தி இறக்காதீர்கள், ஈயம் நசுங்கும். ஒரே சீராக அழுத்தினால் போதும். மரக்கோலை நான் நம்புவதில்லை. உலோகக் கோலும், அது குழல்வாயை உரசாமலிருக்க ஒரு காப்பு வளையமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு துடையுங்கள். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். சொட்டச் சொட்ட நனைத்த துணி, அதுவும் இறுக்கமாக இருந்தால், கசடை அடிக்குத் தள்ளி நெருப்பு வழியையே அடைத்துவிடும். அடுத்த கேப் வெடிக்கும், மருந்து பற்றாது. துணி லேசாக ஈரமாக இருக்கட்டும். இறங்கும்போது தளர்வாகப் போய், இழுக்கும்போது சுருண்டு கசடை வாரி வர வேண்டும். பிறகு ஒரு காய்ந்த துணி.

5. சுட்டபின் முன்னால் விழுந்த துணிகளைப் பொறுக்கிப் பாருங்கள். நடுவில் கருகி ஓட்டையானால் துணி மெலிது அல்லது அதில் தடவிய மசகு போதவில்லை. வட்டமாக வெட்டுப்பட்டிருந்தால் குழல்வாயோ குழலுக்குள் வெட்டிய சுழல் வரிகளோ கூராக இருக்கின்றன. 0.50 காலிபருக்கு (குழலின் உள்விட்டம் 0.50 அங்குலம்) 0.490 அங்குலக் குண்டும் 0.015 அங்குலப் பருத்தித் துணியும் நல்ல தொடக்கம். செயற்கை இழை வேண்டாம், உருகும்.

இவை சரியான பிறகே மருந்தை 5 கிரெயின் (அளவைக் குழாயில் குறித்திருக்கும் அலகு) வீதம் மாற்றிப் பாருங்கள். தயாரிப்பாளர் கையேடு சொல்லும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள்.

பின்சேர்க்கை: மருந்தை மறந்து குண்டை மட்டும் இறக்கிவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டார்கள். கேப்பை எடுத்துவிட்டு, கோலின் முனையில் குண்டு பிடுங்கும் திருகைப் பூட்டி இழுங்கள். மருந்து போட்டோமா இல்லையா என்று சந்தேகமிருந்தால் உள்ளே மருந்து இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். கேப் வெடித்தும் மருந்து பற்றாவிட்டால், குறைந்தது ஒரு நிமிடம் குழலை இலக்குப் பக்கமே பிடித்திருங்கள், தாமதமாகவும் பற்றும்.